எனக்கு ஏலாமக் கிடக்கு, ஆண்டவரே

2007இல் சென்னை வளசரவாக்கத்தில் வீடு தேடி அலைந்தபோது புரோக்கர் என் கணவரைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, அக்காவைக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க. வாயைத் திறந்தா சிலோன்னு தெரிஞ்சிடுது" என்றார். நல்ல மனுசன்தான். அதற்குமுன் மூன்று வீடுகள் அப்படித்தான் கைநழுவிப் போயிருந்தன. அன்றிலிருந்து 'ஓம்' போய் 'ஆமா' வந்தது. திறப்பு சாவியானது, குசினி கிச்சனானது.

கோயிலிலாவது இந்த வேஷம் தேவைப்படாது என்று நினைத்தேன். நான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைப் பிள்ளை. 1947 செப்டம்பர் 27இல் கதீட்ரல் ரோட்டுப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதே எங்கள் யாழ்ப்பாண ஆதீனமும் அதற்குள் இருந்தது. (இங்கே ஆதீனம் என்றால் சைவ மடம் என்று நினைக்கிறார்கள், பேராயம் என்று சொல்ல வேண்டும்.) பொலிஸ் பதிவில் வெளிநாட்டுக்காரி, கோயில் பதிவில் உள்ளூர்க்காரி என்று இவரோடு பகிடி விடுவேன். முதல் ஞாயிறு, அதே ஆராதனை முறை, அதே கீர்த்தனை, அதே மெட்டு. அழுதுவிட்டேன்.

சிக்கல் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் வந்தது. ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்து முடிந்ததும் பக்கத்திலிருந்தவர், "சிஸ்டர், இலங்கை வானொலி கேட்ட மாதிரியே இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குப் புரோக்கரின் குரல்தான் கேட்டது.

பிறகென்ன, படித்தேன். "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, நோயாளிகள், தேசத்தை ஆளுகிறவர்கள், வராதவர்கள், ஆமென். இரண்டே மாதத்தில் "அபிஷேகமா ஜெபிக்கிறீங்க" என்று பெயர் வாங்கினேன். அன்றிரவு படுத்துக்கொண்டு, யாருக்காக என்ன கேட்டேன் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொற்களைக் குறை சொல்லவில்லை. கூட்டம் நடத்தும் அக்காவுக்கு அது தாய் சொல்லிக் கொடுத்தது, அவர் சொல்லும்போது உயிர் இருக்கும். எனக்கு அது இரவல் சேலை.

2009இல் அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகத் தம்பி போன் எடுத்தான். நான் போனால் திரும்பி வர விடுவார்களா தெரியாது, மகனுக்கு அப்போது நாலு வயது. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்கிறது மத்தேயு ஆறாம் அதிகாரம். எங்களுக்கு இருந்ததே ஒரு அறை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டேன். பழக்கதோஷத்தில், "இந்த நல்ல வேளைக்காக..." என்று வாய் தொடங்கிவிட்டது. எந்த நல்ல வேளை?

நிறுத்தினேன். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு தானாக வந்தது: "ஆண்டவரே, எனக்கு ஏலாமக் கிடக்கு. அம்மாவைப் பாத்துக்கொள்ளும். நீர் கேக்கிறீரோ எண்டும் தெரியேல்லை." அதற்குப் பிறகு நிற்கவில்லை. வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம், கர்த்தர் மேலேயே இருந்த கோபம், அம்மாவோடு கடைசியாகச் சண்டை பிடித்தது எல்லாம் கொட்டினேன். வாளி நிரம்பி வழிந்து வாசலுக்கு வந்திருக்கிறது. "யாரும்மா அது, லாரித் தண்ணி வீணாவுது!" என்று கீழ்வீட்டிலிருந்து சத்தம்.

அம்மா அதன்பின் பதினொரு நாள் இருந்தார். நான் போகவில்லை.

அடுத்த வெள்ளி என் முறை வந்தபோது எங்கட பேச்சில் நாலு வசனம் சொன்னேன். இடையில் தொண்டை அடைத்து நின்றதை முடிந்துவிட்டதாக நினைத்து எல்லாரும் ஆமென் போட்டுவிட்டார்கள். மீதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீ டம்ளர் கழுவும்போது மட்டும் நாகர்கோவில்காரப் பாட்டி ஒருவர் பக்கத்தில் வந்து, "நான் எங்க ஊர்ப் பேச்சுல ஜெபிச்சு முப்பது வருசமாச்சு மக்ளே" என்றார்.

அதற்கடுத்த வெள்ளி அவர் ஜெபித்தது மருமகளோடு போட்ட சண்டையைப் பற்றி. தப்பு தன் மேல் பாதிதான் என்றும் ஆண்டவரிடம் கணக்குச் சொன்னார். மருமகளும் அங்கேதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.