பனம்பழம் விழுந்த பானெட்

"சுடுதண்ணிய எல்லாத்துலயும் ஊத்திரலாம்னு நெனச்சீகளா தம்பி?"

கேட்டுவிட்டு டிங்கர் அண்ணன் பானெட் பக்கம் குனிந்தார்.

நேற்று உச்சிப்புளியில் பனைமரத்தடியில் நிறுத்திய வண்டி. திரும்பி வந்தால் பானெட்டில் ஒரு பள்ளம். பழம் பக்கத்திலேயே வாசத்தோடு கிடந்தது.

போன மாதம் பின் பம்பர் ஒடுங்கியபோது வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினேன், டப்பென்று வெளியே வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான். பம்பர் பிளாஸ்டிக், சூட்டில் இளகும். பானெட் தகரம், வெந்நீருக்கு அசையுமா? அப்புறம் பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பரை வைத்து இழுத்தேன் (வீட்டில் சொல்லவில்லை). பள்ளம் பாதி எழுந்தது. ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்தது.

அவர் சுத்தியலைத் தொடவே இல்லை. பட்டறை டியூப்லைட் வெளிச்சம் பானெட்டில் விழுவதைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். நேராக வந்த வெள்ளைக் கோடு பள்ளத்தில் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்தது. பிறகு நகத்தால் விரிசலை வருடினார்.

"ஒடுக்கு கெடக்கட்டும். இதான் வில்லங்கம். உப்புக்காத்து உள்ள போனா பெயின்டுக்கு அடியிலயே துரு ஓடும்."

பெயின்ட் உடையாமல் இருந்திருந்தால் உள்ளே கம்பி விட்டு நெம்பியே எடுத்திருக்கலாமாம். இப்போது பள்ளத்தை நிரப்பப் பட்டி, மேலே பெயின்ட் எல்லாம் வேண்டும்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே இந்தக் காற்று அரித்து, 2022-இல் ரயிலை நிறுத்த வைத்தது. என் பானெட் எம்மாத்திரம்?

வண்டி இன்னும் பட்டறையில். ரப்பரைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.