இட்லி என்று மாற்றினால் போதுமா?

பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் கையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க ‘மோட்டார் ஆக்டிவிட்டி லாக்’ என்றொரு கேள்வித்தாள் உண்டு. அமெரிக்காவில், அலபாமா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டௌப் குழுவினர் உருவாக்கியது. அதன் ஒரு வடிவத்தில் 30 அன்றாட வேலைகள். பாதிக்கப்பட்ட கையை எவ்வளவு பயன்படுத்துகிறார், எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்று 0 முதல் 5 வரை மதிப்பெண். சிகிச்சை அளிக்கும் நம் முன்னால் கையைத் தூக்கிக் காட்டுகிறவர், வீட்டில் அதை மடியிலேயே வைத்திருப்பார். அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும் என்பதால் எனக்கு இந்தக் கேள்வித்தாள்மேல் பெரிய மரியாதை.

இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, சாப்பிடுவது பற்றிய கேள்வியில் வரும் சாண்ட்விச்சை இட்லியாக்குவது எளிது. சிக்கல் இடது கையில். இடது பக்கம் பாதித்தவரிடம் ‘அந்தக் கையால் சாப்பிடுகிறீர்களா?’ என்றால் 0 தான் வரும். பக்கவாதத்துக்கு முன்பும் அவர் அந்தக் கையால் சாப்பிட்டதில்லையே! எழுதுவதற்கு மூலத்திலேயே வழி இருக்கிறது: எழுதாத கை பாதித்திருந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். சாப்பாட்டுக்கும் நமக்கு அப்படியொரு விதி வேண்டும்.

அப்புறம், கழிப்பறையில் கழுவுவது. அந்த 30-இல் அது இல்லவே இல்லை. இடது கை விழுந்தவர்கள் கூச்சத்தோடு நம்மிடம் கேட்பது அதைத்தான். சேலை கட்டுவது, பின்னல் போடுவது எல்லாம் அதற்கு அடுத்துதான்.

தமிழாக்கியதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு சரிபார்த்தால் இதெல்லாம் தெரியாது. சொற்கள் சரியாகவே பொருந்தும். பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி படிக்கும் தம்பி தங்கைகளே, ஆய்வுக்கு இதை எடுத்தால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். கவனித்துக்கொள்பவரிடம் தனியாகக் கேளுங்கள்.