பத்து மணிக்கு வருவேன் என்று சொன்னால் பத்து மணிக்கு

நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு மனநல வார்டில் எட்டு வாரம் போஸ்டிங். முதல் நாள் உள்ளே போகும் முன் மேடம் எங்களை வராண்டாவில் நிறுத்தி, கழுத்துச் சங்கிலி, ஊக்கு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினார். "அவங்க உங்களை ஏதாச்சும் செஞ்சிருவாங்கன்னு இல்லம்மா. தங்களையே ஏதாச்சும் செஞ்சுக்கக் கூடாதுன்னுதான்" என்றார். அதுவரை நான் எனக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தேன்.

இந்தப் போஸ்டிங்கில் ஊசி போடுவது, கட்டுப் போடுவதெல்லாம் குறைவு. பெரிய வேலை பிராசஸ் ரெக்கார்டிங். ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்துத் தினமும் குறிப்பிட்ட நேரத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். பேசும்போது குறிப்பு எடுக்கக் கூடாது. முடிந்ததும் நேராகப் போய், நான் சொன்னது, அவர் சொன்னது, அப்போது அவர் முகமும் கையும் எப்படி இருந்தன, அதிலிருந்து நான் புரிந்துகொண்டது என்ன என்று கட்டம் போட்டு ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். எந்தப் பாடத்திலும் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்ததில்லை.

எனக்கு அமைந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. அடையாளம் தெரியக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் நோய். அப்போது கடுமையான மனச்சோர்வில் இருந்தார். என் முதல் ரெக்கார்டிங் இது:

நான்: வணக்கம்க்கா. நான் நர்சிங் ஸ்டூடண்ட். எட்டு வாரம் இங்க இருப்பேன். தினமும் பத்து மணிக்கு அரை மணி நேரம் உங்ககூட உக்கார வருவேன்.
அவர்: (பதில் இல்லை)
நான்: ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க?
அவர்: (போர்வை நுனியைத் திருகுகிறார்)
நான்: கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிரும்.
அவர்: (சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்)

மேடம் 'ஏன்' என்பதற்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். 'எல்லாம் சரியாயிரும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. "ஏன்னு கேட்டா அவங்க தப்புப் பண்ணுன மாதிரி பதில் சொல்ல வேண்டியிருக்கும். சரியாயிரும்னு சொன்னியே, அது யாருக்காக? அவங்க பேசாம இருந்தது உனக்குத் தாங்கல. அதுக்காகச் சொன்னது." வீட்டில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

அடுத்த நான்கு நாளும் போய் உட்கார்ந்தேன். "இன்னைக்கும் வந்திருக்கேன்க்கா. பேசணும்னு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பேன். சும்மா இருப்பது அவ்வளவு பாரமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறாவது நாள் கிளாஸ் முடிய நேரமாகிவிட்டது. ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு லேட்டு" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-லேயே, நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று எழுதினார். அந்த உறவு படிப்படியாக வளரும், முதல் படியில் நம்பிக்கை உண்டாக வேண்டும் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்து உட்காருவதுதான் அந்த நம்பிக்கை என்பதை எனக்குப் புரிய வைத்தது அந்த 'லேட்டு'.

பிறகு மனநிலைப் பரிசோதனை. கவனம், முடிவெடுக்கும் திறன் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேள்வி கேட்டுப் பார்ப்பது. ரோட்டில் ஸ்டாம்பு ஒட்டிய கவர் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லும் பழைய கேள்வியை நான் கேட்கவில்லை. கடுதாசி போட்டே பல வருஷம் ஆனவர்களிடம் அதைக் கேட்டு எதைத் தெரிந்துகொள்வது? பக்கத்து வீட்டில் புகை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதற்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

கேட்கப் பயந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆகாது, நேராகக் கேட்பதுதான் பாதுகாப்பு என்று மேடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "வாழவே வேணாம்னு நெனப்பு வருதாக்கா?" என்று கேட்டேன். "ராத்திரியில வருது. யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார். "இத மட்டும் என்னால மறைக்க முடியாதுக்கா, சிஸ்டர்கிட்ட சொல்லணும். நீங்களும் கூட வாங்க" என்றேன். அன்றே அவர் கட்டிலை நர்ஸ் மேசைக்கு எதிரே மாற்றினார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். மாத்திரை கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடியிலும் கன்னத்துக்குள்ளும் பார்ப்போம்.

மூன்றாவது வாரம் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா காலை நீட்டினார். கணுக்காலைச் சுற்றி வளையம் போலக் கறுத்த தழும்பு. முன்பு நோய் உச்சத்தில் இருந்தபோது வீட்டுத் தூணில் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்களையும் சேர்த்து 28 பேர் இறந்த கதையைக் கேட்டு வளர்ந்தவள். அன்றைய ரெக்கார்டிங்கில், 'நான் புரிந்துகொண்டது' என்ற கட்டத்தில் எதுவும் எழுத முடியவில்லை.

அவர் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "பாப்பா, மறுபடி அப்டி ஆனா கட்டாம எப்டிப் பாத்துக்கிறது?" என்று கலங்கிய கண்ணோடுதான் கேட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை என்பதை வார்டு சிஸ்டர் எடுத்துச் சொன்னார். தூக்கம் குறைவது, விடாமல் பேசுவது, கையில் காசு நிற்காமல் செலவழிப்பது என்று முதல் அறிகுறிகளைப் பார்த்ததுமே கூட்டி வந்துவிட வேண்டும் என்று விளக்கினார். அவரைப் போலப் பொறுமையாக விளக்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆகும்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலை, டம்ளரைப் பிடித்த அக்காவின் கை ஆடி டீ சேலையில் கொட்டியது. அக்காவைப் போல, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு விரல் நுனியில் லேசான நடுக்கம் இருக்கும், அதை தினமும் பார்த்திருக்கிறேன். இது மணிக்கட்டிலிருந்து வந்த பெரிய ஆட்டம். எழுந்தவர் சுவரைப் பிடித்து நடந்தார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். 0.6-லிருந்து 1.2-க்குள் இருக்க வேண்டிய லித்தியம் அளவு 1.9 என்று வந்தது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும். பேதி, கடும் வியர்வை, தானாக உப்பைக் குறைப்பது, கடையில் வாங்கிப் போடும் இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை எல்லாமே ஆபத்து. டிரிப்ஸ் ஏற்றி மூன்று நாளில் நடுக்கம் அடங்கியது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்காவிட்டால் இரண்டு நடுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணில் பட்டிருக்காது.

கிளம்பும் நாளைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தேன். ஏழாவது வாரம் தொடங்கித் தினமும் நினைவூட்டினேன். மறுநாள் அவருக்கும் டிஸ்சார்ஜ். கடைசி ரெக்கார்டிங்கின் முடிவு:

அவர்: நாளைலேர்ந்து பத்து மணிக்கு யாரு வருவா?
நான்: (இரண்டு நிமிடம் பேசவில்லை) யாரும் வர மாட்டாங்கக்கா. பதினஞ்சு நாள் கழிச்சு ஓ.பி.க்கு நீங்க வரணும். அதுக்கு நடுவுல ராத்திரி அந்த நெனப்பு வந்தா, சீட்டுக்குப் பின்னாடி 14416-னு எழுதியிருக்கேன். டெலி மானஸ், கவர்மெண்டோட மனநல உதவி போன். எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.
அவர்: (சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் படிக்கிறார். மடித்து பர்ஸில் வைக்கிறார்.)