நகராத பகலும் ஓடிவிட்ட ஆண்டும்

அப்பா ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "பொழுதே போக மாட்டேங்குதும்மா" என்று தொடங்குவார். அதே பேச்சின் முடிவில், "இப்பத்தான் தீபாவளி வந்த மாதிரி இருக்கு, அதுக்குள்ள சித்திரை பொறந்துடுச்சு" என்பார். நகராத பகல்கள் முந்நூற்றறுபத்தைந்தைக் கூட்டினால் நகராத ஓர் ஆண்டுதானே வரவேண்டும் என்று ஒருமுறை வாதிட்டேன். கணக்கு வாத்தியாராக இருந்தவர். கூட்டல் சரிதான் என்றார், ஆனால் தமக்கு அப்படி இல்லை என்றார்.

பிழை என்னுடையது. பொழுது கழியும்போது அதை உணர்வது வேறு, கழிந்த பின் நினைவைக் கொண்டு அளப்பது வேறு. செய்ய வேலையில்லாதவர் கடிகாரத்தையே பார்க்கிறார், ஆதலால் பகல் நீள்கிறது. ஆனால் அந்தப் பகலில் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் நடக்காததால், திரும்பிப் பார்க்கையில் அது இருந்த இடமே தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்.

இதன் உச்சத்தை மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளரிடம் காணலாம். 1962இல், 23 வயதில், அவர் ஆல்ப்ஸ் மலையின் ஸ்கராசோன் குகைக்குள் கடிகாரமின்றி இறங்கி, உறைபனிக் குளிரிலும் இருளிலும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தனியே இருந்தார். விழிக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் மேலே இருந்த குழுவுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். அவர்கள் மறந்தும் மணியைச் சொல்லமாட்டார்கள். நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணும்படி அமைந்த சோதனையில், அவர் எண்ணி முடிக்க ஐந்து நிமிடங்கள் ஆயின. செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்துவிட்டதாகச் சொன்னபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. முந்தைய நாள் செய்ததுகூட நினைவில் நிற்கவில்லை என்று பின்னாளில் அவர் விளக்கினார். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: அவருடைய உறக்கமும் விழிப்பும் சராசரியாக 24 மணி 30 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாகவே நடந்திருந்தன. உடல் நாள்களை ஏறக்குறையச் சரியாகவே எண்ணியிருக்கிறது; மனத்துக்குத்தான் அந்தக் கணக்கு எட்டவில்லை.

கும்பகோணத்து வீட்டைக் குகையோடு ஒப்பிட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். (அம்மா சிரிப்பாள். அதே வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். பால்காரர், குக்கர் விசில், பூக்காரம்மா என்று அவளுடைய பகல் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடப்பதால், பொழுது போகவில்லை என்று அவள் சொல்லி நான் கேட்டதேயில்லை.) எனக்கோ அப்பாவுக்கு நேர்மாறு. வேலையையும் வீட்டையும் ஒருசேர மாற்றிய மார்ச் மாதத்தில், காலை எது மாலை எது என்று தெரியாமல் நாள்கள் பறந்தன. ஆனால் இன்று நினைத்தால், பழைய வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்து ஓராண்டாவது ஆகியிருக்கும் என்றே தோன்றுகிறது.

சென்ற வாரம் அப்பா, "போன மாசந்தானே வந்துட்டுப் போனே" என்றார். பொங்கலுக்குப் போனவள் நான், இப்போது ஜூன். ஊருக்குப் போய் நெடுநாள் ஆகிவிட்டதே என்று நான்தான் உறுத்தலோடு இருந்தேன். பயணச்சீட்டைத் தேடித் தேதியைப் படித்துக் காட்டியும் அவர் நம்பவில்லை, நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.