முடியாத பாட்டு

ஒஹாயோ குளிர்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாததால், பக்கத்து நூலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டுப்பாட்டுக்குப் போய் உட்காருவேன். போன மாதம் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருடைய 'பூக்களெல்லாம் எங்கே போயின?' பாட்டு. பூக்களைப் பெண்கள் பறிக்க, பெண்கள் கல்யாணமாகிப் போக, இளைஞர்கள் பட்டாளத்துக்கும் அங்கிருந்து கல்லறைக்கும் போகிற பாட்டு. ஆளுக்கொரு சரணம். எனக்குக் கடைசியான ஐந்தாவது: கல்லறைகள் எங்கே? பூ மூடிக் கிடக்கின்றன.

ஒரு வாரம் குளியலறையில் சாதகம் செய்தேன். "காலங்காத்தால கல்லறைதானா கிடைச்சுது?" என்றாள் மனைவி.

அன்று மூன்றாவது சரணம் பாடிய தாத்தா, இளைஞர்களைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, கிடாரை உறையில் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டார். பாட்டு முடிந்ததாம்! சீகர் எழுதியது மூன்றுதான் என்று சாதித்தார்.

அவர் சொன்னதும் சரிதான். 1955இல் ஓபர்லின் கல்லூரிக் கச்சேரிக்காக எங்கள் ஒஹாயோவுக்கு விமானத்தில் வந்தபோது, அரைத் தூக்கத்தில் இருந்த சீகருக்கு நோட்டில் எப்போதோ குறித்துவைத்த வரிகள் நினைவுக்கு வந்தன. ருஷ்ய எழுத்தாளர் ஷோலகோவின் டான் நதி நாவலில் வரும் கொசாக் தாலாட்டு அது. அதில் பெண்கள் அறுத்தது நாணலை. சீகர் பாட்டில் அது பூவாகிவிட்டது. மீதி இரண்டு சரணங்களை 1960இல் சேர்த்தவர் ஜோ ஹிக்கர்சன் என்ற பாடகர். அப்புறம்தான் பாட்டு வட்டமானது. நம்ம அந்தாதியேதான்: ஒரு சரணம் விட்ட சொல்லை அடுத்தது பிடித்துக்கொள்ளும், கடைசிப் பூ முதல் பூவோடு போய் மண்டலிக்கும்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னதும் தாத்தா முனகிக்கொண்டே ஜிப்பைத் திறந்தார்.

அடுத்த பஞ்சாயத்து, பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வரும் வரியில். எப்போது 'அவர்கள்' கற்றுக்கொள்வார்கள் என்று பாதிப் பேர், 'நாம்' என்று பாதிப் பேர். நல்லவேளை, இங்கிலீஷ். தமிழாக இருந்தால் நாமா நாங்களா என்று மூன்றாவது கட்சி கிளம்பியிருக்கும்.

ஒருவழியாக என் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கடைசிப் பூவை மூச்சு உள்ளவரை இழுத்தேன். அந்த இழுவையைத் தனக்கான சைகை என்று எடுத்துக்கொண்ட முதல் சரணத்து அம்மா, மறுபடி பூக்களைத் தேட ஆரம்பித்துவிட்டார். பெண்களுக்கு இரண்டாம் முறை கல்யாணம் ஆயிற்று. எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. இளைஞர்கள் மூன்றாம் முறை பட்டாளத்துக்குக் கிளம்பியபோது நூலகர் பாதி விளக்கை அணைத்தார். தாத்தா நிறுத்தவில்லை. மூன்றே சரணம் என்று அடம்பிடித்த மனிதர்!

மறுநாள் காலை, குளியலறையில் என்னையறியாமல் பூக்கள் எங்கே என்று ஆரம்பித்தேன். வெளியே இருந்து குரல் வந்தது:

"பொண்ணுங்க பறிச்சிட்டுப் போயாச்சு. நீங்க சீக்கிரம் வெளிய வாங்க, எனக்கு நேரமாச்சு."