ஓட்டிசம் பற்றிய அரச கூட்டத்தில் பேசிய அனுபவம்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சேவைகள் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க, திருகோணமலையில் அரச அதிகாரிகள் கூட்டம் வைக்கிறார்கள் என்று எங்கள் கிராம சேவகர் சொல்லித்தான் தெரியும். அழைப்பு ஒன்றும் தேவையில்லை, பேச விரும்புபவர்கள் வாசலில் பெயர் எழுதிவிட்டால் சரி. என் மகனுக்கு ஏழு வயது, இன்னும் பேச்சு வரவில்லை.

போவதற்கு முன் சொல்ல இருந்ததை ஒரே பக்கத்துக்குச் சுருக்கினேன், போகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யுங்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கிளினிக், பள்ளிக்கூடம், பஸ், காசு என்று எல்லாவற்றையும் கொட்டினால் "பெற்றோர் சிரமங்களைத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: பேச்சுச் சிகிச்சை தமிழில் வேண்டும், அதுவும் மூதூர், கிண்ணியா, குச்சவெளித் தாய்மாரும் போய்வரக்கூடிய இடத்தில். சிகிச்சையாளருக்கும் தாய்க்கும் நடுவில் இன்னொருவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி பாதிதான் வந்து சேரும். 2009இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வில், 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்கு வந்தது. "இது அபூர்வம்தானே" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்காக அதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

வரவேற்பும் உரைகளும் நீண்டுகொண்டே போயின. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய், மகனை விட்டுவர ஆளில்லாமல் கூட்டி வந்திருந்தார். மைக் கீச்சிட்டதும் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதிரைக்கு அடியில் போய்விட்டான். "தங்கச்சி, பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு போங்க" என்று முன்னாலிருந்து ஒரு குரல். எனக்கு நெஞ்சு கொதித்தது. "சேர், பிள்ளை இருக்கட்டும், மைக்கை நிப்பாட்டுங்க. இவங்களுக்காகத்தானே இந்தக் கூட்டம்" என்று எழும்பிச் சொன்னேன். தலைமை தாங்கியவர் மறுபேச்சில்லாமல் நிறுத்தச் சொன்னார், அது பெரிய விஷயம். பிறகு எல்லோரும் வெறும் குரலில்தான் பேசினார்கள், அவன் கதிரைக் காலை விரலால் தட்டிக்கொண்டு கடைசி வரை இருந்தான்.

என் முறை வந்தபோது தாளைப் பார்த்தே வாசித்தேன். "தாய்மார் கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லையே" என்றார் ஓர் அதிகாரி. மூதூரிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளிருக்காது, பஸ்ஸில் பிள்ளை கத்தினால் வளர்க்கத் தெரியாதவள் என்று ஆளாளுக்குப் பேச்சு விழும், இதையெல்லாம் தாண்டித்தான் அவர்கள் வருகிறார்கள் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். தாளின் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றதில் திகதியும் கையொப்பமும் வாங்கினேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கூட்டத்தின் அறிக்கை தானாக வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேட்டேன். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். கிடைத்த அறிக்கையில் என் கோரிக்கை முழுதாக இருந்தது, ஆனால் யார் செய்வது, எப்போது செய்வது என்ற கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றை நிரப்பித் தரும்படி கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கிண்ணியாத் தாயும் பெயர் எழுதப் போகிறார், அவர் பேசப்போவது பள்ளிக்கூடச் சேர்க்கை பற்றி.