ஸ்கோர் மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்

நவம்பர் 25, 2024, திங்கள்

காலைலேர்ந்து ஆஸ்திரேலியா கூட பெர்த்ல நடக்கற டெஸ்ட் மேட்ச் தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. மொத இன்னிங்ஸ்ல 150க்கு சுருண்ட நம்ம டீம், அதே மேட்ச்ச 295 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சுட்டாங்க, பும்ரா ரெண்டு இன்னிங்ஸும் சேத்து 8 விக்கெட், ஜெய்ஸ்வால் 161, கோலி நூறு. லஞ்ச் நேரத்துல கேன்டீன்ல எல்லாரும் ஒரே போன சுத்தி நின்னு பாத்தோம்.

அடுத்து ரெண்டரைக்கு செஸ். நம்ம குகேஷுக்கும் நடப்பு சாம்பியன் சீனாவோட டிங் லிரெனுக்கும் உலக சாம்பியன்ஷிப் இன்னைக்கு தான் சிங்கப்பூர்ல ஆரம்பம், மொத்தம் 14 ஆட்டம். அப்போ எனக்கு கிளாஸ். வீட்டுக்கு போய் மொத மூவ்லேர்ந்து போட்டு பாக்கலாம்னு நெட்ட ஆஃப் பண்ணி, வாட்ஸப் பக்கமே போகாம அவ்ளோ பத்திரமா இருந்தேன். அம்பத்தூர்ல ட்ரெயின விட்டு இறங்குறேன், ஸ்கூல்ல கூட படிச்சவ ஒருத்தி எதிர்ல வந்து "ஏய், உங்காளு தோத்துட்டான்டி"ன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு போய்ட்டா. ஒரு ஹாய் கூட கிடையாது.

இத விட எரிச்சல் எனக்கு வேற எதுலயும் வராது. முடிவ சொல்லிட்டா செய்தி சொல்லிட்டோம்னு நெனைக்கறாங்க. அந்த நாலு மணி நேரம் ஒவ்வொரு மூவுக்கும் அடுத்து என்ன ஆகும்னு தெரியாம உக்காந்திருக்கறது தான் எனக்கு ஆட்டம், அத தான் பிடுங்கிட்டு போறாங்க. இருந்தாலும் நைட்டு பாத்தேன். டிங் கறுப்பு காய்ல ஃபிரெஞ்ச் டிஃபன்ஸ்ங்கற ஆரம்ப முறைய ஆடி 42 மூவ்ல முடிச்சிருக்காரு. நல்லா ஆடினாரு, அத சொல்லியே ஆகணும்.

நவம்பர் 27, புதன்

ஜெயிச்சாச்சு! இன்னைக்கு மதியம் கிளாஸ் இல்ல, அதனால மொத மூவ்லேர்ந்து லைவ்.

நான் எப்டி பாப்பேன்னா, ஸ்க்ரீன் ஓரத்துல வெள்ளையும் கறுப்புமா ஒரு பட்டை ஏறி இறங்கிட்டு இருக்கும்ல, கம்ப்யூட்டர் யாரு முன்னாடி இருக்காங்கன்னு காட்டறது, அது இருக்கற பக்கம் ஒரு அட்டைய வச்சு மறைச்சுடுவேன். கீழ ஹால்ல என்னோட போர்ட விரிச்சு வச்சுக்கிட்டு அவங்க ஆடற ஒவ்வொரு மூவையும் நானும் வைப்பேன். அந்த பச்ச வெள்ள ரெக்சின் மேட்டு சுருட்டி சுருட்டி வச்சதுல ஒரு மூலை எப்பவும் தூக்கிக்கிட்டே நிக்கும், அது மேல இட்லி பொடி டப்பா. அம்மா சட்னிக்கு பதிலா பொடி போட வந்தாங்கன்னா டப்பா போய்டும், ஒரு ரூக் (யானை) உருண்டு சோஃபாக்கு அடியில போகும், நான் கத்துவேன், தினமும் நடக்கறது தான்.

இன்னைக்கு டிங்கோட பிஷப் (மந்திரி) குகேஷ் பக்கத்துல சி2ங்கற கட்டம் வரைக்கும் உள்ள வந்துச்சு. பாக்க தைரியமா தான் இருந்துச்சு. ஆனா திரும்பி போக வழியே இல்ல, குகேஷ் ஒவ்வொரு கதவா சாத்திட்டே வந்து கடைசில அது அங்கயே மாட்டிக்கிச்சு. எந்த பட்டையும் பாக்காம "ஐயோ இது வெளிய வர முடியாதுல்ல"ன்னு எனக்கா தோணுன அந்த செகண்ட் இருக்கே, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. 37வது மூவ்ல டிங்குக்கு டைமே முடிஞ்சுடுச்சு. மொத 40 மூவுக்கு ஒருத்தருக்கு ரெண்டு மணி நேரம் தான், அதுவரைக்கும் கூடுதல் செகண்டும் கிடையாது.

நவம்பர் 28, வியாழன்

சிங்கப்பூர்ல ரெஸ்ட் டே. எனக்கு லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல நின்னுக்கிட்டே பயணம். பக்கத்துல நின்ன அக்கா ஹெட்செட் போடாம ரீல்ஸ் பாக்கறாங்க, ஒரு ரீல் கூட முழுசா ஓடல, பாட்டு ஆரம்பிச்சு மூணு செகண்ட்ல வேற பாட்டு, அதுக்குள்ள ஒரு சிரிப்பு சத்தம், அப்றம் சமையல், வில்லிவாக்கம் தாண்டறதுக்குள்ள எனக்கு தலைவலியே வந்துடுச்சு. சத்தம் கூட பரவால்லங்க, எதையும் முடிய விடாம தள்ளிவிடறது தான் தாங்க முடியல.

தம்பியும் இப்டி தான். எட்டாவது படிக்கறான், கிரிக்கெட்டே அவனுக்கு நாப்பது செகண்ட் வீடியோ தான். விக்கெட் விழுந்தது தெரியும், அதுக்கு முன்னாடி அஞ்சு ஓவரா பவுலர் அந்த பேட்ஸ்மேன எப்டி செட் பண்ணி கொண்டு வந்தாருன்னு தெரியாது. நான் சொல்ல ஆரம்பிச்சா "அக்கா ப்ளீஸ், போர் அடிக்காத"ங்கறான். விட மாட்டேன் அவன.

தியேட்டர்ல படம் ஓடறப்போ போன் வெளிச்சத்த முழுசா வச்சு மெசேஜ் பாக்கறவங்க, ஃபில்டர் காபில கேக்காமலே மூணு ஸ்பூன் சர்க்கரை கொட்டி கலக்கி தர்ற கடை, இதெல்லாமும் இருக்கு. அத பத்தி தனியா ஒரு நாள் எழுதறேன்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். லீவு விட்டுட்டாங்க. காலைலேர்ந்து நிக்காத மழை, ஏர்போர்ட்டையே மதியம் மூடிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

எனக்கு இன்னொரு கிறுக்கும் இருக்கு, மழைக்காலத்துல ரேடார் படம் பாக்கறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ரிஃப்ரெஷ் பண்ணி அந்த சிவப்பு மேகக்கூட்டம் எந்த பக்கம் திரும்புதுன்னு பாப்பேன், அக்டோபர் டிசம்பர் வடகிழக்கு பருவமழை சீசன்ல தெருவுல எல்லாரும் என்ட்ட தான் "இன்னைக்கு துணி காயப்போடலாமா"ன்னு கேப்பாங்க. இந்த புயல் ரொம்ப மெதுவா வந்துச்சு. அது தான் பயமே. வேகமா வந்தா அடிச்சுட்டு போய்டும், ஒரே எடத்துல நின்னா அங்கயே கொட்டி தீத்துடும்.

மூணு மணிக்கு மேல கரன்ட் போச்சு. அஞ்சாவது கேம போன்ல, டேட்டா இருக்கறப்போ மூவ் மட்டும் டெக்ஸ்ட்டா எடுத்து, மெழுகுவர்த்தி வச்சு போர்டுல வச்சு பாத்தேன். மாடி வீட்டு மாமாவும் குடையோட இறங்கி வந்துட்டாரு. அவரு 2013ல சென்னைல உலக சாம்பியன்ஷிப்புக்கு நம்ம ஆனந்தும் நார்வே கார்ல்சனும் ஆடினப்போ நேர்ல போய் பாத்தவரு. அதே மேட்ச்ச அப்போ ஏழு வயசு குகேஷும் பாத்திருக்கான், அன்னைக்கு தான் பட்டம் இந்தியாவ விட்டு போச்சு. "அத திருப்பி எடுத்துட்டு வர்றதுக்கு தான்மா இந்த பையன் உக்காந்திருக்கான்"னு மாமா சொல்றப்போ குரலே ஒரு மாதிரி ஆகிடுச்சு அவருக்கு. ஆட்டம் டிரா.

டிசம்பர் 2, திங்கள்

புதுச்சேரில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல, ஊத்தங்கரைல 50. கடற்கரையிலேர்ந்து அவ்ளோ உள்ள இருக்கற ஊரு அது. திருவண்ணாமலைல மலைச்சரிவுல ஒரு வீடே மண்ணுக்குள்ள போய்டுச்சு, ஏழு பேரு, அதுல குழந்தைங்க. காலைலேர்ந்து அந்த நியூஸ் தான். ரேடார தொறக்கவே மனசு வரல. பெரியம்மா வீடு விழுப்புரம், நைட்டு பத்து மணிக்கு தான் போன் கெடச்சுது, எல்லாரும் மொட்டமாடில இருந்தாங்களாம், நல்லா இருக்காங்க.

டிசம்பர் 5, வியாழன்

திரும்ப டிரா. நாலாவது கேம்லேர்ந்து இது வரைக்கும் எல்லாமே டிரா தான், கிளாஸ்ல எல்லாரும் "என்னடி உன் செஸ்ஸு, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது"ங்கறாங்க.

நடக்குதுங்க! ஆறாவது கேம்ல அதே மூவ திரும்ப திரும்ப வச்சு டிரா பண்ணிட்டு போயிருக்கலாம், குகேஷ் வேணாம்னுட்டு வேற மூவ் ஆடினான், அதுவும் கம்ப்யூட்டர் கணக்குப்படி நம்ம பக்கம் கொஞ்சம் மோசமா இருக்கறப்போ. ஏழாவது கேம் அஞ்சு மணி நேரத்துக்கு மேல போச்சு, 72 மூவ். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அது, டிங் அந்த பக்கம் மூச்ச புடிச்சுக்கிட்டு காப்பாத்துனாரு பாருங்க, எனக்கு கோவம் வரல, கை தட்டணும் போல இருந்துச்சு. ஒவ்வொரு டிராவுலயும் எதிராளிக்கு கொஞ்சம் டயர்ட் ஏறுது, கிளாக்ல கொஞ்சம் நிமிஷம் கொறையுது. ஸ்கோர் போர்டுல ஆளுக்கு அரை பாயிண்ட்னு மட்டும் பாத்தா இது எதுவும் தெரியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

காலைல அடிலெய்டுல ரெண்டாவது டெஸ்ட். மூணாவது நாளே முடிஞ்சுடுச்சு, 10 விக்கெட்ல தோல்வி. பிங்க் பால்ல ஸ்டார்க்க ஆட முடியல நம்மாளுங்களால, அந்த பக்கம் ஹெட் 140. அஷ்வின டீம்ல சேத்தாங்க, அவருக்கு ஒரு விக்கெட். அப்பா டிவிய ஆஃப் பண்ணிட்டு மீன் வாங்க கிளம்பிட்டாரு.

சாயந்திரம் பதினொண்ணாவது கேம். டிங்குக்கு டைம் கொறைஞ்சுட்டே வந்துச்சு, 28வது மூவ்ல ராணிய சி8ல வச்சாரு, குகேஷ் சி6ல இருந்த குதிரைய ராணியாலயே எடுத்தான், அவ்ளோ தான், டிங் கை குடுத்துட்டாரு. 6-5! அப்பாவ கூப்ட்டு போர்டுல காட்டினேன். மனுஷன் செஸ் ஆட மாட்டாரு, ஆனா குனிஞ்சு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "ராணிய எப்டிம்மா தைரியமா குடுக்கறான்?"னு கேட்டாரு. கேட்டாரே! யாரு ஜெயிச்சான்னு கேக்காம எப்டின்னு கேட்டதுக்கே அவருக்கு இன்னொரு மீன் துண்டு என் தட்டுலேர்ந்து.

டிசம்பர் 9, திங்கள்

6-6. டிங் இன்னைக்கு பிரமாதம். நான் பேசற நிலமைல இல்ல.

டிசம்பர் 12, வியாழன்

கை நடுங்குது, அப்டியே தான் டைப் பண்றேன்.

நேத்து பதிமூணாவது கேமும் டிரா, 6.5-6.5. இன்னைக்கு கடைசி கேம். டிங் வெள்ளை. எல்லாரும் டிரான்னு முடிவே பண்ணிட்டாங்க, டிரா ஆச்சுன்னா நாளைக்கு ராபிட்ங்கற கம்மி டைம் கேம், வேகமா ஆடறதுல டிங் தான் கெட்டின்னு வேற பேச்சு. ராணிங்க போய்டுச்சு, ரெண்டு பேருகிட்டயும் ஒரு ரூக் ஒரு பிஷப், குகேஷ்கிட்ட ஒரே ஒரு பான் (சிப்பாய்) அதிகம். மாமா கூட "நாளைக்கு பாத்துக்கலாம்மா"ன்னு எழுந்துட்டாரு. நான் நகரல. அந்த ஒரு பான வச்சுக்கிட்டு குகேஷ் சும்மா தள்ளிட்டே இருந்தான், கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்க, ஒண்ணுமே இல்லாத மாதிரி.

55வது மூவ். டிங் ரூக்க எஃப்2ல வைக்கறாரு. நானும் போர்டுல வச்சேன். வச்சுட்டு பாத்தா, டிங்கோட பிஷப் ஏ8 மூலைல நிக்குது. ரூக்க ரூக்கால எடுத்துட்டு பிஷப்ப டி5ல வச்சா அதுக்கு ஓடவே எடமில்ல, பிஷப்பும் போய்டும், வெறும் ராஜாவும் பானும் தான் மிச்சம், அதுல ஒரு பான் அதிகம்னா ஜெயிப்பு. "மாமா!"ன்னு நான் கத்துன கத்துல தம்பி ரூம்லேர்ந்து ஓடி வந்துட்டான். ஸ்க்ரீன்ல குகேஷ் மொதல்ல சாதாரணமா தான் பாக்கறான், அப்றம் கண்ணு விரியுது, தண்ணி எடுத்து குடிக்கறான், சிரிப்ப அடக்கறான், உடனே ஆடல, இன்னொரு தடவ சரி பாக்கறான். அந்த சில நொடி, சத்தியமா, எந்த சினிமாலயும் நான் பாத்ததில்ல.

58வது மூவ்ல முடிஞ்சுது. 7.5-6.5. 18 வயசு. இதுக்கு முன்னாடி சின்ன வயசு சாம்பியன்னு எல்லாரும் சொல்றது காஸ்பரோவ தான், 1985ல ஜெயிச்சப்போ அவருக்கு 22. குகேஷ் அழுதுக்கிட்டே காயெல்லாம் எடுத்து போர்டுல ஆரம்பத்துல இருக்கற மாதிரியே அடுக்கி வச்சான், தோத்தாலும் ஜெயிச்சாலும் அப்டி அடுக்கற பையன் அது. வெளிய அவங்கப்பா ஓடி வந்து கட்டிப்புடிச்சாரு. மாமாவும் அம்மாவும் நானும் எல்லாரும் அழுதுட்டோம். அயனம்பாக்கத்துல படிச்ச பையன், எங்க வீட்லேர்ந்து ஆட்டோல போற தூரம்.

நைட்டுக்குள்ள டிங்க கிண்டல் பண்ணி மீம்ஸ் வந்துடுச்சு. அது மட்டும் வேணாம். உடம்பும் மனசும் சரியில்லாம கஷ்டப்பட்டு அவரே அத வெளிப்படையா பேசிட்டு வந்து உக்காந்தவரு, 14 கேம் வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்காரு. ஒரு மூவ வச்சு சிரிக்கறவங்க முன்னாடி 54 மூவ பாத்திருக்கவே மாட்டாங்க.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். ஈர காத்துல அகல் நிக்கல, தம்பி ஒவ்வொண்ணா கைய குவிச்சு ஏத்திட்டே இருந்தான். பொரி உருண்டை சாப்ட்டுக்கிட்டே "அந்த பிஷப் ஏன் ஓட முடியலன்னு காட்டு"ன்னான். காட்டினேன். ரெண்டு தடவ.

டிசம்பர் 18, புதன்

பிரிஸ்பேன்ல மழையால டெஸ்ட் டிரா, அது முடிஞ்சதும் ரோஹித் பக்கத்துல வந்து உக்காந்து அஷ்வின் ரிட்டயர்மென்ட் சொல்லிட்டாரு. 106 டெஸ்ட், 537 விக்கெட், இந்தியாவுக்கு கும்ப்ளேக்கு அடுத்து அவரு தான். சீரிஸ் நடுவுலயே! இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு. இப்டி ஒரு ஓரமா எழுந்து போற ஆளா அவரு, சேப்பாக்கத்துல ஒரு முழு டெஸ்ட் ஆட விட்டு அனுப்பியிருக்கணும்னு தான் நான் சொல்வேன்.

செப்டம்பர்ல பங்களாதேஷ் டெஸ்ட்டுக்கு அப்பா கூட போயிருந்தேன், அதே மேட்ச்ல அவரு 113 அடிச்சிருந்தாரு, பந்தையும் கைல எடுத்து ரெண்டாவது இன்னிங்ஸ்ல 6 விக்கெட், அதுல மூணு நாங்க போயிருந்த ஞாயித்துக்கிழமை. ஒரே எடத்துல ஒரே மாதிரி போடற மாதிரி இருக்கும், ஆனா பவுலிங் கிரீஸ் கோட்டுல ஒரு தடவ ஓரமா, ஒரு தடவ ஸ்டம்ப ஒட்டி, வேகம் கொஞ்சம் கம்மி, அப்றம் திடீர்னு நேரா ஒண்ணு. பேட்ஸ்மேன் நின்ன எடத்துலயே கொழம்பி போவான்.

தம்பி ஹைலைட்ஸ் போட்டான், நிறுத்திட்டேன். அந்த ஸ்பெல்ல முழு ஓவரா தேடி எடுத்து வச்சிருக்கேன். சாப்ட்டு முடிச்சுட்டு உக்காரணும்னு சொல்லியாச்சு. அம்மா முறுக்கு டப்பாவ இறக்கறாங்க, அப்பா ஏற்கனவே பாய விரிச்சுட்டாரு.